வாசலில் புல் போட்டிருக்கிறேன், அம்மா

என் செல்ல அம்மா,

முதலில் திட்டித் தீர்த்துவிடு. பிறகு கேள். ஆரணியில் என் சம்பளத்தில் கட்டிய வீட்டுக்கு முன்னால் புல் போட்டிருக்கிறேன். தானாக முளைத்ததல்ல, நர்சரியில் காசு கொடுத்து வாங்கி வந்தது.

உன் முகம் போகிற போக்கு தெரிகிறது. வெம்பாக்கத்தில் யார் யார் நிலத்திலோ குனிந்து களையெடுத்தவள் நீ. சர்ச் காம்பவுண்டில் பிரசங்கம் கேட்கும்போதும் உன் விரல் புல்லைத்தான் பிடுங்கிக்கொண்டிருக்கும். "புல்ல பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குதுடி" என்பாய்.

மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, எரு கலந்து சமப்படுத்தினேன். மண்ணோடு பாய் மாதிரி வெட்டி வந்த புல்லை இடைவெளி விடாமல் பதித்து மிதித்தேன். வேர் பிடிக்கும்வரை அடிமண் காயவே கூடாதாம். டியூட்டிக்குப் போகுமுன் ஒரு தண்ணீர், வந்ததும் ஒரு தண்ணீர்.

நர்ஸ் என்பதால் தெருவே என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். "இன்னா சிஸ்டர், மாடு வாங்கப் போறீங்களா?" என்றார் எதிர்வீட்டுத் தறிக்காரர். "இல்லீங்க, நான்தான் மேயப் போறேன்" என்றேன்.

தம்பி டேவிட்தான் பேஜார். அவன் காரை நிறுத்த இங்கே சிமென்ட் தளம் வேண்டுமாம். "அம்மா புடுங்கிப் போட்டத நீ துட்டு குடுத்து வாங்கி, தண்ணி வேற ஊத்திகினு கீற. ஊரே சிரிக்குதுக்கா. இது காஞ்சிடும், நான் சிமென்ட்டு போட்டுடுவேன்" என்றான். "காஞ்சா போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டேன். அப்போதே ஓரமெல்லாம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

ஆனாலும் விட மனமில்லை. நீ குனிந்த நிலத்தில் ஒருநாளாவது நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாயா? வரப்பில் கால் நீட்டினாலே நிலத்துக்காரர் குரல் வந்துவிடும். விளையாத, விற்காத, சும்மா உட்காருவதற்கென்றே கொஞ்சம் பச்சை நமக்கு இருக்கக் கூடாதா?

நேற்று டேவிட் வந்து ஓரத்தைப் பிடித்துத் தூக்கினான். நுனி அறுந்து கையோடு வந்தது, அடி அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். "இன்னாக்கா இது, வுடவே மாட்டேங்குது" என்றவன், செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். புல்லைத் தடவிக்கொண்டே, "அம்மாவ இங்க ஒக்கார வெச்சிருக்கணும்கா" என்றான். அழுதுவிட்டேன். என் பிடிவாதமெல்லாம் அதற்குத்தானே?

கல்லறைத் திருநாள் வருகிறது. சொந்தக்காரர்கள் வழக்கம்போல மண்வெட்டியோடு வந்து, உன்மேல் முளைத்ததைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடிக்கப் பார்ப்பார்கள். இந்த முறை விடமாட்டேன். யார் என்ன பேசினாலும் சரி, உன் கல்லறைமேல் புல் பதித்து நானே தண்ணீர் ஊற்றுவேன். அதைப் பிடுங்கச் சொல்லி இனி உன்னை எவனும் கூப்பிட முடியாது, அம்மா.

உன் அடங்காத மகள்,
ஸ்டெல்லா