வெற்றுப் பக்கத்தில் என் கையெழுத்து

ஜூலை 12, சனி.

கல்லூரி விடுதித் தோழிகள் சேர்ந்து ஆரம்பித்த அறக்கட்டளைக்கு இன்று போய் வந்தேன். பொம்மிடியிலிருந்து மாதாமாதம் கூட்டத்துக்குத் தருமபுரிக்குப் போக முடிவதில்லை. அதனால் தீர்மானப் புத்தகத்தின் வெற்றுப் பக்கங்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவேன். எல்லா உறுப்பினர்களும் அப்படித்தான்.

இன்று சும்மா அதைப் புரட்டினேன். இந்த வருடப் படிப்பு உதவி, தலைவி சுமதி அக்காவின் நாத்தனார் மகளுக்கு. முன்மொழிந்தவர் என்று என் பெயர் எழுதியிருந்தது.

"என்னங்க்கா இது? சித்தேரி மலைப் புள்ளைக்குன்னுதானே பேசுனோம்?"

"நீதான் கூட்டத்துக்கு வரலையே கண்ணு. யாரு பேரயாச்சும் எழுதணுமில்ல?"

டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

திரும்பும்போது பேருந்தில் அந்தச் சித்தேரிப் பெண்ணே போனில் அழைத்தாள். "அக்கா, எனக்குக் கெடச்சிருச்சுங்களா? காலேஜுல ஃபீஸ் கேக்கறாங்க." சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

சுமதி அக்காவை மனதுக்குள் திட்டிக்கொண்டே வீடு வந்தேன். தலை வலிக்கிறது. இப்போதுதான் உறைக்கிறது: கிளம்பும்போது அக்கா புத்தகத்தை நீட்ட, வழக்கம்போல இன்னும் மூன்று வெற்றுப் பக்கங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.