வாசிக்காமல் போட்ட கையெழுத்து

இராஜபாளையம்,
ஞாயிறு காலை

அன்பு மகள் மாரிக்கனிக்கு, அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

என் முதியோர் வகுப்புக்கு வரும் குருவம்மாளைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். பேண்டேஜ் கம்பெனியில் பதினோரு வருடம் துணி மடித்தவள், பஞ்சுத் தூசியால் இருமல் வந்து, அந்த வேலையே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு எழுதப் படிக்க வந்தாள். அவளுக்கு வேறு வேலை கேட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை தேடித் தரும் மையத்துக்கு, டாக்டர் சீட்டும் சேர்த்து, நாலு பக்கம் எண் போட்டு எழுதிக் கொடுத்தேன். அங்கே ராம்கி என்றொரு ஆள், கழுத்தில் தொங்கும் அட்டையைத் தவிர அதிகாரிக்கான லட்சணம் எதுவும் இல்லை. என் தாளின் மேலேயே டீ டம்ளரை வைத்துக்கொண்டு, "இதெல்லாம் யாரு சார் படிக்கா? பேரு, வயசு, போன் நம்பர், அம்புட்டுதான்" என்றார். 'என்றார்' என்று மரியாதையாக எழுதவே மனம் வரவில்லை, பழக்கத்தால் எழுதுகிறேன். பிறகு அவளை அனுப்பி வைத்த இடம் எது தெரியுமா? அதே பேண்டேஜ் கம்பெனி. அனுபவம் இருக்கிறதாம்! சூப்பர்வைசர், "ஏட்டி குருவம்மா, லீவு முடிஞ்சிட்டா?" என்று கேட்டுச் சிரித்தாராம். அவள் வாசலோடு திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அந்த மேதை வகுப்புக்கே வந்து ஒரு தாளை நீட்டினார். சாட்சி இடத்தில் நான் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதிகாரி தாளை நீட்டினால் என் கை எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். அடுத்து குருவம்மாளிடம் நீட்டினார். அவள் பேனாவை வாங்காமல், வரிக்கு அடியில் விரலை வைத்துச் சத்தமாக வாசித்தாள். மையம் காட்டிய வேலையில் சேர்ந்துவிட்டேன், இனி வேலை வேண்டாம் என்று அதில் இருந்தது. ராம்கி, "போடும்மா, நேரமாகுது" என்று அதட்டினார். "வாசிக்காம கையெழுத்துப் போடக் கூடாதுன்னு எங்க வாத்தியார் சொல்லிருக்காவ" என்றாள். சொன்ன பிறகுதான் கீழே என் கையெழுத்தைப் பார்த்தாள். "வாத்தியார் போட்டதே போதும்" என்று அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அது பதிவானால் மையத்தில் வேலை கேட்போர் பட்டியலில் அவள் பெயர் இருக்காது, திரும்பவும் தூசிதான்.

இரண்டு நாளாக அந்த ஆளை மனதுக்குள் திட்டுகிறேன். ஆனால் நான் எழுதியதை அவர் வாசிக்கவில்லை, அவர் எழுதியதை நானும் வாசிக்கவில்லை. எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் முதல் பாடத்திலிருந்து உட்கார வைக்க வேண்டும். என் கையெழுத்து செல்லாது என்று ஒரு கடிதம் மூன்று தரம் எழுதிக் கிழித்து, நான்காவதை நேற்று குருவம்மாளிடம் கொடுத்தேன். கடைசி வரி வரை வாசித்துவிட்டு, "சரியா இருக்கு சார், இப்பம் போடுங்க" என்றாள். போட்டேன். நாளை அவளோடு பஸ்ஸில் போய் மையத்தில் கொடுக்க வேண்டும். அந்த அட்டையைக் கண்டதும் எனக்கு வாய் அடைத்துவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. அடைத்தால் அவள் வாசித்துக் காட்டுவாள்.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருங்கள். உன் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வருவார்கள் என்றாயே, எவ்வளவு அவசரப்படுத்தினாலும் முழுக்க வாசித்துவிட்டுப் போடு. அப்பாவைப் போல் செய்யாதே.

ஆசிகளுடன்,
உன் அப்பா
சங்கையா