சவுக்காரம் போட்ட மிதப்புச் சட்டைகள்

லிங்கநகர்,
திருகோணமலை.
09.04.1962

அன்புள்ள மகன் யோகலிங்கத்துக்கு,

இன்று காலை அனுப்பிய தந்தி கிடைத்திருக்கும். அதில் சொன்னதையே இங்கும் முதலில் எழுதுகிறேன். முத்தலிப்பின் லொறியில் நான் அனுப்பிய மூன்று மிதப்புச் சட்டைகளையும் வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கினியாகலைக் குளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். பேத்தி பூரணிக்கு அதைக் கட்டி வள்ளத்தில் ஏற்ற வேண்டாம். இதை வாசித்த பிறகு மற்றதை ஆறுதலாக வாசி.

இங்கு நான் சுகம். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. வருடப்பிறப்புக்குப் பலகாரம் சுடும் எண்ணம் இல்லை.

உன் ஐயா இருந்த காலத்தில் இந்த வீட்டில் மாதத்தின் முதற் சனிக்கிழமை எப்படி விடியும் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். டோச் லைற்றின் பற்றிகளைக் கழற்றித் துடைப்பார். அரிக்கன் லாம்பின் திரியை வெட்டுவார். குசினி வாசலில் இருந்த மணல் வாளியைக் கிளறிக் கட்டி உடைப்பார். கடைசியாகத்தான் மிதப்புச் சட்டைகள். பதினாறு இறாத்தல் இரும்பை ஒவ்வொன்றிலும் கட்டித் தொட்டியில் விடுவார். மறுநாள் காலை வரை அவை மிதக்க வேண்டும். அன்று முழுவதும் யாரும் தொட்டியில் குளிக்க ஏலாது. நீ தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, எது முதலில் தாழும் என்று என்னோடு பந்தயம் பிடிப்பாய். ஒன்றும் தாழ்ந்ததில்லை.

மூதூர் லோஞ்சில் ஏறினாலும் அவர் அப்படித்தான். அதிலிருக்கும் சட்டைகளை எண்ணாமல் இருக்கமாட்டார். வாங்குப் பலகை குத்துகிறது என்று சனங்கள் அவற்றை மடித்துப் போட்டு அதன்மேல் இருப்பார்கள். உள்ளே இருக்கும் இலவம் பஞ்சு நசிந்தால் மிதக்காது என்று சொல்லி ஒவ்வொருவரையும் எழுப்புவார். அப்போது லோஞ்சில் வேலை செய்த முனாப், “ஐயா வந்திட்டார், எல்லாரும் எழும்புங்கோ, இனி மூதூர் மட்டுக்கும் நிண்டுதான் போகோணும்” என்று பகிடி பண்ணுவான். எனக்கு வெட்கமாக இருக்கும். சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு கடலைப் பார்ப்பேன். இன்று அந்த வெட்கத்துக்காகவே இன்னொரு முறை அந்த லோஞ்சில் போகலாம் போல் இருக்கிறது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்தச் சட்டைகளில் என்னை அவர் கைவைக்க விட்டதில்லை. “இதுக்குச் சவுக்காரம் ஆகாது” என்பார். ஆண்களின் சோம்பல் என்று நினைத்தேன். அவர் போன பிறகு இந்த நாலு வருடமும் அவை இருந்த அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் தார் மணமும் அவருடைய சுருட்டு மணமும் ஒன்றாக வந்தன. போன மாதம் நீ சட்டைகளைக் கேட்டு எழுதியதும், நாலையும் சவுக்காரத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கி, வெயிலில் போட்டு, புது நாடா தைத்து, ஸ்திரிக்கையும் போட்டேன். மூன்றை உனக்கு அனுப்பினேன். ஐயா வைத்திருந்ததிலும் சுத்தம் என்று பெருமையாக எழுதியும் விட்டேன்.

சனிக்கிழமை முனாப் கிண்ணியாவிலிருந்து தயிர் கொண்டுவந்தான். கதிரையில் கிடந்த நாலாவது சட்டையை எடுத்து மணந்து பார்த்தான். “என்னம்மா, சவுக்காரம் போட்டீங்களா? மீனுக்கு மணக்கட்டும் எண்டோ?” என்று சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. இலவம் பஞ்சில் இயற்கையாகவே ஒரு மெழுகு இருக்கிறதாம். தண்ணீரை அண்டவிடாமல் வைப்பது அதுதான். சவுக்காரம் அதைக் கழுவிக்கொண்டு போய்விடுமாம். நான் நம்பவில்லை. எனக்குப் படிப்பிக்கிறாயா என்றும் கேட்டேன். அவன் இரும்பைத் தேடி எடுத்துக் கட்டித் தொட்டியில் விட்டான். “நீங்களே பாருங்கோ அம்மா” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் பக்கத்திலேயே குந்தியிருந்தான். மத்தியானச் சங்கு ஊதுமுன் சட்டை அடியில் கிடந்தது.

நான் அந்தத் தொட்டிக் கட்டிலேயே இருந்துவிட்டேன். பூரணிக்கு ஏழு வயது. நான் தைத்த நாடாவை எவ்வளவு இறுக்கமாகக் கட்டுவாள் என்று நினைத்துப் பார்த்தேன். சனி பின்னேரமும் ஞாயிறும் தந்திக் கந்தோர் பூட்டு. அந்த இரண்டு நாளும் எப்படிப் போயின என்று எழுதமாட்டேன்.

அந்தச் சட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடாதே. வெட்டிப் பஞ்சைத் தலையணைக்குப் போடு. குளத்துக் கந்தோரில் தக்கை வைத்த மிதப்புச் சட்டை இருந்தால் கேட்டு வாங்கு. அதையும் ஐயா செய்தது போல் ஒரு நாள் தண்ணீரில் விட்டுப் பார். கிடைக்காவிட்டால் வள்ளம் வேண்டாம், கரையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

மருமகள் புஸ்பராணியின் குசினி ஒழுங்கைப் பற்றிப் போன கடிதத்தில் நான் குறையாக எழுதியதை அவளுக்கு நீ வாசித்துக் காட்டியிருப்பாய். இந்தக் கடிதத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு.

அந்த ஞாயிறு கழிந்து, திங்கட்கிழமைத் திகதி போட்டு ஒரு தபாலட்டை வர வேண்டும். நீ எழுத வேண்டாம், பூரணி எழுதட்டும். எத்தனை பிழை இருந்தாலும் இந்த முறை சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பமாட்டேன். அவள் கை எழுதியதாக இருந்தால் போதும்.

மூவரையும் கோணேசர் காப்பாராக.

இப்படிக்கு,
உன் வரவையும் அந்த அட்டையையும் பார்த்திருக்கும்
அம்மா,
கனகம்மா தம்பிராசா