கவுரி மரத்தடியில் ஒரு சிமெந்து மேடை

அப்புத்தளை.

அன்பு மகள் மதுஷாவுக்கு,

இந்தக் கிழமை பனியும் உன் அப்பாவின் இருமலும் கொஞ்சம் குறைந்திருக்கின்றன, மற்றபடி நாங்கள் சுகம். நியூசிலாந்தில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க முனியாண்டி சாமி துணை. போனில் பேசினால் அப்பா பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டே இருப்பார், அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நீ அனுப்பிய காட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியே, அதில் நிற்பது நம்முடைய முனியாண்டி மரமேதான்! தோட்டத்துப் பங்களாவுக்குக் கீழே எந்தக் காலத்திலோ எந்த வெள்ளைக்காரத் துரையோ நட்டது, பேர் தெரியாமலே கும்பிட்டிருக்கிறோம். கவுரி என்று நீ சொல்லித்தான் தெரியும். அது பைன் மரத்துக்குச் சொந்தம் என்கிறாயே, பைன் இலை ஊசி மாதிரி அல்லவா இருக்கும்? நம்பாமல் போய் ஓர் இலையைப் பிய்த்து வளைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் அகலம், செருப்புத் தோல் மாதிரித் தடிப்பு. காயைக் கையில் எடுத்தால் செதில் செதிலாக உதிர்கிறது, விதைக்கு இறக்கை வேறு! முப்பது வருசம் கொழுந்துக் கூடையோடு அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஒரு நாளாவது நின்று பார்த்தேனா?

ஆனால் மரம் சரியில்லை மகள். உச்சிக் கிளைகள் காய்ந்துவிட்டன. லயத்து வீடுகளின் மேல் விழுந்துவிடும், மாதக் கடைசியில் வெட்டப் போகிறோம் என்று தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அந்த மரத்துக்கு வேர் மேலாக ஓடும், மிதிக்கக்கூடாதென்று அங்கே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்னது என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. நீ பிளேன் ஏற வேண்டும் என்று நேர்ந்துகொண்டு அப்பா அதன் அடியைச் சுற்றி இரண்டடி மண் நிரப்பிச் சிமெந்து மேடை கட்டினாரே, அந்த வேர் எப்படி மூச்சு விடும்? சொன்னால், "புள்ள கடல் தாண்டி இருக்கா, அவ பேர்ல கட்டுனத ஒடைக்கச் சொல்றியா? ஒனக்கென்ன பைத்தியமா?" என்று குதிக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை அவர் பண்டாரவளைக்குப் போன நேரம் பார்த்து, அலவாங்குக் கம்பியை எடுத்துப் போய் மேடையின் ஒரு மூலையை நானே உடைத்துவிட்டேன். உள்ளே வேர்கள் கறுத்து நாறுகின்றன, இரண்டு மூன்று மட்டும் இன்னும் வெள்ளையாக இருக்கின்றன. மிச்சத்தையும் உடைத்தால் பிழைக்குமோ என்னவோ. உடைந்த இடத்தில் வாழையிலையைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். உன் சொல்லை அவர் தட்டமாட்டார், நீயே போன் எடுத்து உடைக்கச் சொல்லு.

குளிருக்குக் கம்பளிச் சட்டையை மறக்காதே, நேரம் கெட்ட நேரத்தில் தலை முழுகாதே. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். எனக்கு இதிலெல்லாம் பயம் கிடையாது. ஆனாலும் மறைக்காமல் எழுது, அந்தச் செவ்வாய்க்கிழமை உனக்குக் காய்ச்சல், தலைவலி என்று ஏதாவது இருந்ததா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
விஜயலெட்சுமி