குருந்த மரத்து மேடை

ஆடி மூணாம் வெள்ளி.

சிங்கவரத்துல எங்க குலதெய்வக் கோயில் குருந்த மரம் காஞ்சுபோச்சு. இந்தப் பக்கத்துல இருந்ததே அது ஒண்ணுதான். முள்ளும் எலுமிச்சை வாசனையுமா, ஆள் உசரத்துக்குக் கொஞ்சம் மேல நிக்கும். எத்தனையோ வறட்சியைத் தாங்கின மரம், நான் கட்டின மேடையைத் தாங்கல. போன வருஷம் நைனா தவறினதும், அவர் நினைவா அடிமரத்தை ஒட்டி சிமெண்ட் போட்டு கிரானைட் பதிச்சேன். வேருக்குத் தண்ணி எறங்க வழியே விடல. அப்ப ஒருத்தரும் வாயைத் தொறக்கல. பூசாரி எனக்குச் சால்வை வேற போட்டார்.

இன்னைக்குக் கூழ் ஊத்தப் போனா அதே பூசாரி சொல்றார்: "இன்னா பண்றது, வர்றவங்க எல்லாம் கல்லுல பேரைப் படிச்சுட்டு உங்க நைனாவைத்தான் திட்டிட்டுப் போறாங்க."

கல்லைப் பேத்துடறேன்னேன்.

"சாமிக்குக் குடுத்ததைத் திருப்பி எடுப்பீங்களா?"ன்னார்.

நைனா ஒரு செடியை மிதிச்சு நான் பாத்ததில்ல. அவர் பேரை மட்டுமாவது சொரண்டிடலாமான்னு வெரலை வெச்சுப் பாத்தேன். வெட்டின எழுத்துக்குள்ள நகம் முழுசும் போவுது. நூறு வருஷம் நிக்கணும், நல்லா ஆழமா வெட்டுன்னு கல்லு வெட்டறவன் பக்கத்துலயே நின்னு சொன்னவன் நான்தான்.