கொடும்பாவிக்கு நீ அழுத அழுகை

காலையிலேயே மானாப்புல் எரிகிற வாடை. ஹந்தானை மலை உச்சியில் யாராவது தீ வைத்தார்களா, வெயிலே வைத்துக்கொண்டதா, தெரியவில்லை. தோட்டத்து லய வீடுகளின் கொடியில் காய்கிற துணியெல்லாம் புகை நாற்றம். உனக்கு இந்தப் புகை ஆகவே ஆகாது. இருந்திருந்தால் முந்தானையால் மூஞ்சியைப் பொத்திக்கொண்டு என்னைத்தான் திட்டியிருப்பாய், ஏதோ நான் போய்க் கொளுத்திவிட்டு வந்த மாதிரி.

பீலிக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. டவுனிலிருந்து பவுசர் லொறி வந்தால் தண்ணீருக்கு முன்னால் சண்டை வந்துவிடுகிறது. தேயிலை கருகி, கொழுந்தே இல்லை. வேலையும் பாதி நாள்தான்.

நீ ஊரை விட்டுக் கிளம்பிப்போன வருசமும் இப்படித்தான் காய்ந்தது. அடுப்பு அணைந்து கிடந்தபோதுதான், வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிற அம்மா கண்டியிலிருந்து வந்து உன் வாசலில் உட்கார்ந்தாள். உன் புருசன் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே கொழும்புக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டவன். உனக்கோ கைப்பிள்ளை. "மழை பெஞ்சா கொழுந்து வந்துரும்டி. நான் போகத் தேவையில்ல" என்று வானத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாய்.

அந்த வெள்ளிக்கிழமை கொடும்பாவி கட்டினோம். மழையைத் தடுத்த பாவி செத்துப்போனான் என்று காய்ந்த புல்லில் ஆள் செய்து, லயம் லயமாக இழுத்துப்போய், எழவு வீடு மாதிரி மாரடித்து அழுது, ஓடையோரம் கொளுத்துவோமே, அதுதான். பொம்மைக்கு உடுப்பு வேண்டும் என்றார்கள். "உன் புருசன் சட்டையக் கொண்டாடி. அளவும் சரியா இருக்கும், பாவமும் சரியா இருக்கும்" என்றாய். நான் விடுவேனா? சட்டையோடு ஆளையும் கூட்டிவருகிறேன், புல்லாவது மிச்சமாகும் என்றேன். லயமே சிரித்தது.

ஒப்பாரிக்கு எப்போதும் நீதான். பாவியைத் திட்டித்தான் ஆரம்பிப்பாய். அன்றைக்குத் திட்டவில்லை. பொம்மையின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பால்குடி மறக்காத பிள்ளைய யார் மடியில போட்டுட்டுப் போற" என்று இழுத்தாய். என்னமாய் அழுகிறாள் பார் என்று பெண்கள் மெச்சிக்கொண்டார்கள். நீ யாருக்கு அழுகிறாய் என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்று மாரடித்தேன். வாயில் ஒரு கேலியும் வரவில்லை.

மழை வரவில்லை. ஏஜென்சி வேன்தான் வந்தது. பிள்ளையை என் கையில் கொடுத்து, "வச்சுக்கிறியாடி?" என்றாய். "குடு, உன்னைவிட நல்லா வளப்பேன்" என்றேன். நீ சிரிக்கவேண்டும் என்றுதான். சிரித்தாய். நீ போன பிறகு ஊற்றியது பார் ஒரு மழை! செடியெல்லாம் துளிர்த்து நின்றது. நான் வாசலில் நனைந்துகொண்டு வானத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"இங்க வெயில்ல செருப்பு தரையோட ஒட்டுதுடி. நம்ம ஊரு வெயிலெல்லாம் நிழல்" என்பாய் போனில். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனவள் அங்கேயே விழுந்துவிட்டாயாம். சூடு தாங்கவில்லை என்றார்கள். பெட்டி வந்தது. திறக்க விடவில்லை. உனக்கு ஒப்பாரி சொல்ல எங்களில் ஒருத்திக்கும் வாய் வரவில்லையடி. ஆளுக்கொரு அடி சொல்லிப்பார்த்தோம், அவ்வளவுதான்.

உன் மகளைச் சொன்னபடி வளர்த்துவிட்டேன். முகம் உன்னுடையது, வாய் மட்டும் என்னுடையது. கட்டிக்கொடுத்து அவளுக்கும் ஒரு பெண் பிள்ளை, இப்போதுதான் நடக்கப் பழகுகிறது. மருமகன் மேசன் வேலைக்குப் போகிறவன். சீமெந்து குழைக்கத் தண்ணீர் இல்லாமல் அதுவும் நின்றுபோனது. நேற்று இந்த வருசத்துக் கொடும்பாவியைக் கொளுத்திவிட்டுத் திரும்பும்போது, உன் மகள் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டாள்: "மழை பெய்யலன்னா பிள்ளைய வச்சுக்குவீங்களா பெரியம்மா?"

ஊரையே கிண்டல் பண்ணுகிற வாய். உனக்கு யோசிக்காமல் சரி சொன்ன வாய். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. சரி என்றால் போய்விடுவாள். முடியாது என்றால் இங்கே இருந்து என்னத்தைத் தின்பார்கள்? விடிந்ததிலிருந்து பிள்ளை என் இடுப்பில்தான். இறக்கிவிட்டால் சிணுங்குகிறது. உன் மகள் எதிரே வந்து நின்று என் முகத்தையே பார்க்கிறாள். நான் பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.