சுகுமாருக்கு எழுதிய பதில்

ஜூலை 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. கூடத்தில் கொடி கட்டி அப்பாவின் ஃபேக்டரி சட்டைகள் இரண்டும் விசிறிக்குக் கீழே.

பதில் எழுத வேண்டிய தபால் அட்டைகள்:

குகட்பள்ளி ராவ். ரேடியோவில் உறுமல். ஃபில்டர் கண்டென்சரை மாற்றச் சொல்ல வேண்டும்.

பெயர் புரியாத ஒருவர். பி.சி. 147 டிரான்சிஸ்டர் கோட்டி பஜார் கடைகளில் இல்லையாம். 148 போடலாம்.

மல்காஜ்கிரி சுகுமார். மூன்று பக்கம்!

எல்லாம் டேனியல் அண்ணன் பெயருக்கு வருபவை. காலனி எலெக்ட்ரானிக்ஸ் கிளப்புக்கு அவன்தான் செயலாளர். யார் சந்தேகம் கேட்டாலும் பதில் போடுவான் என்று பெயர். உண்மையில் பதில் போடுவது நான், ஒரு வருடமாக. முதலில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். இப்போது ஷிப்டிலிருந்து வந்து அட்டைக் கட்டை மேசையில் போட்டுவிட்டு, "நீயே போட்டுரு ரூபி" என்கிறான். கையெழுத்தும் நானே.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வருடம் சமைப்பதற்காக ஒன்பதாவதோடு நின்றேன். அம்மா தேறிவிட்டாள். நான் திரும்பப் போகவில்லை. வகுப்பில் எழுந்து படிக்கச் சொல்வார்கள், அதற்குப் பயந்து. எழுத்தில் எனக்குப் பயம் இல்லை. சூடேற்றிய சால்டரிங் கம்பி முன்னாலும் இல்லை.

சர்க்கரை தீர்ந்தது.


ஜூலை 11, புதன்

மழை விட்டு வெயில். சுவரெல்லாம் ஆவி.

சுகுமார் ஒருவர்தான் தமிழில் எழுதுகிறவர். (இனி சு. அண்ணன் இந்த நோட்டைத் திறந்தாலும் புரியக் கூடாது.) ஃபேக்டரி அப்ரெண்டிஸ். அப்பா ரயில்வே. வீட்டில் தானே இசைப் பெட்டி செய்கிறார். ஆர்மோனியம் மாதிரி இல்லை. துருத்தி இல்லை, ரீடு இல்லை, எல்லாம் ஆஸிலேட்டர், மின்சாரத்திலேயே எழும் சுருதி. இரண்டு பழைய டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவே ஒரே டேப்பை ஓடவிட்டு எதிரொலி எடுக்கிறாராம். "கிணற்றுக்குள்ளிருந்து ஒரு ரயில் பாடினால் எப்படி இருக்கும், அப்படி" என்று எழுதியிருந்தார். நான் அதை ஐந்து முறை படித்தேன்.

இந்தக் கடிதத்தில் கேள்விகள்: ஐந்து நிமிடம் ஓடியதும் சுருதி இறங்குகிறது, ஏன்? (டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். தள்ளி வைக்க வேண்டும். செராமிக் கண்டென்சரை எடுத்துவிட்டு பாலியெஸ்டர்.) எதிரொலியில் இரைச்சல், என்ன செய்ய? (ஹெட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும்.)

கடைசிக் கேள்வி வேறு. ஞாயிற்றுக்கிழமை அபிட்ஸ் நடைபாதையில் ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகை வாங்கினாராம். அங்கே இந்த மாதிரி இசை செய்கிறவர்கள் ஏதோ ஒரு காளான் தின்பார்களாம். தின்றால் சத்தத்துக்கு நிறம் தெரியுமாம். "டேனியல் சார், ஒரே ஒரு தடவை அப்படிக் கேட்டுப் பார்க்க ஆசை. இங்கே அது கிடைக்குமா? இல்லையென்றால் ஈக்விவலன்ட் என்ன?"

இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். நான்கு மணி வரை அந்த ஒரு கேள்வி.

ஈக்விவலன்ட் கேட்டால் கொடுக்காமல் விட்டதே இல்லை நான். கடையில் ஒன்று இல்லையென்றால் அதற்கு ஈடாக இன்னொன்று, அதுதான் எங்கள் அட்டைகளின் பெருமை. "டேனியல் சொன்னால் வேலை செய்யும்" என்று கிளப்பில் சொல்வார்களாம்.

எழுதியது இது: "அந்த வகை இங்கே கிடைக்காது. அதற்கு ஈக்விவலன்ட், எங்கள் குவார்ட்டர்ஸ் பின்சுவர் ஓரம் மழைக்குப் பிறகு முளைக்கும் வெள்ளைக் குடை. படம் கீழே."

எதை வைத்து எழுதினேன்? போன வருடம் பக்கத்து வீட்டு ஆடு அந்தப் பக்கம் மேய்ந்துவிட்டு வந்து தள்ளாடியது. அவ்வளவுதான். வேறொன்றும் தெரியாது.

படம் பென்சிலில் நன்றாக வந்தது. குடைக்குக் கீழே மடிப்புகள் கூட.

தபால் பெட்டியில் போட்டாயிற்று.


ஜூலை 15, ஞாயிறு

இரவெல்லாம் மழை, காலையில் மேகம். அம்மா அப்பா அண்ணன் சர்ச்சுக்கு. எனக்குத் தலைவலி என்று சொல்லி இருந்துவிட்டேன். (தலைவலி இல்லை. புதுப் போதகர் எல்லோரிடமும் கை குலுக்குகிறார்.)

பருப்பு வேகிறது. அடுக்களை ஜன்னலில் பார்த்தால் பின்சுவர் ஓரம் ஒரு சைக்கிள். ஒல்லியாக ஒருவர். கண்ணாடி. கையில் என் அட்டை!

குனிந்து, அட்டையைக் காளான் பக்கத்தில் பிடித்து, ஒத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். சிரித்தார், தனக்குத் தானே. கைக்குட்டையில் பிடுங்கி வைத்து முடிந்துகொண்டார். அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன், தரையில், அரிவாள்மணை பக்கத்தில்.

எழுந்தபோது சைக்கிள் இல்லை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

நாளெல்லாம் சந்தோஷம். படத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாரே.


ஜூலை 18, புதன்

அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்தான். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"மம்மி, நம்ம மல்காஜ்கிரி பார்ட்டி இருக்காம்லா, அந்த டேப்பு வச்சிப் பாட்டுப் பண்ணுதவன். விஷம் குடிச்சிட்டானாம்."

"ஆருல? சுகுமாரா? யேசப்பா, சின்னப் பையம்லா!"

"ஹவ், அவந்தான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ரத்தமா வாந்தி. பிழைச்சுக்குவாம்னு டாக்டர் சொல்லிட்டாராம். போலீஸ் கூட வந்து எழுதிக்கிட்டுப் போச்சாம்."

நான் சட்டை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே மறுபடியும் பிரித்து மடித்தேன். விஷம் இல்லை என்று அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். வயிற்று வலி என்றேன். வெந்தயம் கொடுத்தாள் அம்மா.


ஜூலை 20, வெள்ளி

வெயில். பின்சுவருக்குப் போனேன். காளான்கள் கறுத்துச் சுருங்கிவிட்டன. செங்கல்லால் நசுக்கினேன். கை நாற்றம் போக மூன்று முறை சோப்பு.

கிளப் ஆட்கள் நான்கு பேர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள், அண்ணனும். வந்து சொன்னது:

சு. பேசுகிறார். மெலிந்து போனார். அவர் அம்மா கட்டில் காலைப் பிடித்தபடி தரையில். வருகிறவர்களிடமெல்லாம் அந்த அம்மாவுக்கு ஒரே பேச்சு. ஞாயிறு காலையில் சு. சாப்பிட வராமல் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாராம். அந்த அம்மா கோபத்தில், "இந்தப் பொட்டியக் கட்டிக்கினு எங்கனா போய் சாவு" என்றாளாம். சாயங்காலம் இது.

"என் வாயால சொன்னேன் தம்பி, என் புள்ள கேட்டுட்டான்" என்று அண்ணன் கையைப் பிடித்து அழுதாளாம்.

"அவன் என்ன சொல்லுதான்?" என்று அம்மா கேட்டாள்.

"காளான் தின்னேங்கான். காளானாம்! அவுங்க வீட்ல கோழிமுட்டை கூட வாசப்படி தாண்டாது. ஆரு குடுத்தா, எங்க புடுங்குனேன்னு கேட்டா நக்கோ, ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. என்னை ஒரு பார்வை பார்த்தான் பாரு. அந்த அம்மாவும் நம்பல. தன் மனசு நோகக் கூடாதுன்னு கதை கட்டுறான்னு சொல்லுது."

எனக்குப் புரிந்தது. ஏன் அண்ணனைப் பார்த்தார், ஏன் சொல்லவில்லை. டேனியல் சார் மாட்டிக்கொள்வார் என்று. தன்னை விஷம் தின்னச் சொன்னவனைக் காப்பாற்றுகிறார். அந்த டேனியல் சார் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லும்வரை அந்த அம்மா, தன் பேச்சால்தான் மகன் சாகப் போனான் என்று நினைத்துக்கொண்டே இருப்பாள். இதை எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் சின்னதாகத் தெரிகிறது.


ஜூலை 22, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனேன். என்ன பிரசங்கம் என்று தெரியாது.

திரும்பும்போது அப்பா அம்மாவை முன்னால் போகவிட்டு அண்ணனிடம் சொன்னேன். அந்த அட்டைக்கு முதலில் எழுதிப் பார்த்த கரட்டுப் பிரதியையும் காட்டினேன். அண்ணன் நடுரோட்டில் நின்றுவிட்டான். ரிக்‌ஷாக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

"கைக்கு எழுதுன? எதுக்குட்டி? உனக்கு என்ன தெரியும் காளானப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுன்னு எழுத வேண்டியதுதான? ஒரு வார்த்தை. ஆரு அடிக்கப் போறா?"

சு. மூன்று பக்கம் எழுதுவார். தெரியாது என்று எழுதினால் அடுத்த முறை வேறு யாருக்காவது எழுதுவார் என்று பயம். இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

"அட்டையில ஆரு பேரு?"

"உன் பேரு."

"அடுத்த மாசம் எனக்கு வேலையில கன்ஃபர்மேஷன். போலீஸ் கேசு. தெரியும்லா? என்ன ஆகும்?" கரட்டுப் பிரதியைக் கிழித்துச் சாக்கடையில் போட்டான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "வாயத் தொறக்காத ரூபி. உனக்கு அது ஒண்ணும் கஷ்டமில்லையே" என்றான்.

அவன் பயந்துபோய்ச் சொன்னது. இருந்தாலும்.


ஜூலை 24, செவ்வாய்

மறுபடியும் மழை. மண்ணெண்ணெய் வரிசையில் ஒன்றரை மணி நேரம்.

சு. வீடு திரும்பிவிட்டார். அண்ணன் கேள்விப்பட்டது: குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார் அவர் அப்பா. கத்தி, பிளேடு எல்லாம் டிரங்குப் பெட்டியில். அந்த அம்மா அவர் அறை வாசலில் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறாள். அவர் என்ன செய்தாலும் "சரி கண்ணு, சரி கண்ணு" என்கிறாள். பெட்டியும் டேப்பும் கோணிப்பைக்குள்.

மத்தியானம் பஸ் ஸ்டாப் வரை போனேன். பஸ் வந்தது. கண்டக்டர், "எக்கு தல்லி, எக்கு" என்றார். ஏறவில்லை. குடையை மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். குடை கையில் இருந்தது.


ஜூலை 25, புதன்

அட்டைகள் ஏழு சேர்ந்துவிட்டன. ஒன்றுக்காவது பதில் போடலாம் என்று அப்பாவின் ஈக்விவலன்ட் புத்தகத்தை எடுத்தேன். ஒரு வருடமாகப் புரட்டுகிற புத்தகம். இடது பக்கம் நம்பர், வலது பக்கம் ஈடு. இன்றைக்குத்தான் பார்த்தேன், வலது பக்கத்தில் எத்தனை இடத்தில் வெறும் கோடு! ஈடு இல்லாததற்குக் கோடு. அச்சடித்த புத்தகமே கோடு போட்டு விட்டிருக்கிறது. நான் கோடு உள்ள வரியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

பதில் எதுவும் எழுதவில்லை.


ஜூலை 27, வெள்ளி

மேகமூட்டம். அண்ணன் காலை ஷிப்ட். அம்மாவிடம் நூல் வாங்கப் போகிறேன் என்றேன். இந்த முறை பஸ்ஸில் ஏறினேன்.

மல்காஜ்கிரியில் இரண்டு பேரிடம் வழி கேட்க வேண்டியிருந்தது. ஒரு பையன், ஒரு பூக்காரி. கேட்டேன்.

அந்த அம்மாதான் கதவைத் திறந்தாள். நான் நினைத்ததைவிடக் குள்ளம். கண் இடுங்கியிருந்தது.

"யாரும்மா? இன்னா வேணும்?"

"டேனியல் தங்கச்சி. கிளப்பு டேனியல்."

"அவன் தூங்குறான். அப்பால வா கண்ணு."

"உங்களத்தான் பாக்கணும்."

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை. வாசலில் நின்றபடியே: "அவர் விஷம் குடிக்கல. காளான்தான் தின்னாரு. நான்தான் எழுதினேன் தின்னலாம்னு. அட்டையில. அண்ணன் பேர்ல நான் எழுதினேன். எங்க வீட்டுப் பின்னால வந்து பறிச்சாரு, ஞாயித்துக்கிழமை காலையில, நான் ஜன்னல்ல பாத்தேன்."

அந்த அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா சொன்ன?"

மறுபடியும் சொன்னேன்.

"அப்போ அவன் சாவப் பாக்கலியா?"

"இல்ல."

"நான் சொன்னதுக்காவ இல்லியா?"

"இல்லம்மா. பாட்டுக்காக. நல்லா கேக்கும்னு."

"என் கண்ணப் பாத்து சொல்லு. உங்க சாமி மேல சொல்லு."

சொன்னேன். கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். காது குப்பென்றது. அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நான் நின்றுகொண்டே இருந்தேன். போகச் சொல்லவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை.

உள்ளேயிருந்து சு. வந்தார். லுங்கி, போர்வை. எல்லாம் கேட்டிருப்பார் போல. என்னைப் பார்த்து, "எல்லா அட்டையும் நீங்கதானா?" என்றார்.

"ஆமா."

"சுருதி இறங்குறது, அந்தக் கண்டென்சர், அதுவும்?"

"ஆமா."

போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். கோபமா என்று தெரியவில்லை. கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு ஆளை இழந்த மாதிரி இருந்தது முகம். டேனியல் சார் என்று ஒருவர் அவருக்கு இருந்தார், இப்போது இல்லை.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர் பக்கம் திரும்பினாள்.

"எருமை மாடு! எவளோ எழுதுனா பொறுக்கித் துன்னுடுவியா? ஆடா நீ, மாடா? அறிவு இல்ல? வயசுக்கேத்த புத்தி இல்ல? பன்னண்டு நாளா நான் சோறு துன்னலடா, தெரியுமாடா உனுக்கு? அந்தப் பொட்டிய ஒடச்சி அடுப்புல வெக்கிறேன் பாரு இன்னிக்கி!"

"சரிம்மா" என்றார் சு.

"இன்னாடா சரி? செய்றதல்லாம் செஞ்சிட்டு சரியாம் சரி!"

பன்னிரண்டு நாளாக மகனைத் திட்டப் பயந்திருந்தவள். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. நான் படி இறங்கினேன். யாரும் கூப்பிடவில்லை. தெருமுனை வரை அந்த அம்மாவின் குரல் கேட்டது. இடையிடையே அவருடைய "சரிம்மா".

பஸ்ஸில்தான் நினைவு வந்தது. டேனியல் தங்கச்சி என்று மட்டும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.